தேதி சொல்லத் தெரியாதவன்

ஆனேக்கல்
22 ஜனவரி 2024

கர்த்தருக்குள் அன்பான தங்கை மௌரீனுக்கு,

அண்ணன் எலியேசர் எழுதுவது. இங்கே நானும் மகள் ஆஞ்சலாவும் கர்த்தர் காக்கிற அளவுக்குச் சுகம். முழங்காலையும் பழைய இருமலையும் விட்டால் எனக்குச் சொல்லிக்கொள்ள வியாதி இல்லை. உன் சுகமும் மாப்பிள்ளை டிரேவர் சுகமும் அறிய ஆவல்.

நேற்று நீ போனில் பேசியதை ஆஞ்சலா சிலேட்டில் எழுதிக் காட்டினாள். "மாமாவுக்குக் கிட்னி போயிடுச்சு. டயாலிசிஸ். அப்பம் விஷயமா அத்தை கேக்கறாங்க." சிலேட்டில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

இதைச் சிலேட்டில் பேசி முடிக்க முடியாது. ஃபாக்டரியில் பவர் பிரஸ் மெஷின் முன்னால் முப்பத்தாறு வருஷம் நின்ற காது என்னுடையது. எதிரே ஆள் நின்றால் உதட்டைப் படித்துவிடுவேன். போனுக்கு உதடு இல்லை. வாட்ஸப்பில் கட்டைவிரலால் எழுதுகிற தமிழும் எனக்கு வேண்டாம். தாளில் எழுது. லிங்கராஜபுரத்திலிருந்து இங்கே தபால் மூன்று நாளில் வந்துவிடுகிறது.

நான் நேரில் வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். "காது கேக்கல அங்கிள், இனிமே ரெஸ்ட் எடுங்க" என்று, இப்போது சபையை நடத்துகிற ஆண்ட்ரூ என்னை மூப்பர் நாற்காலியிலிருந்து இறக்கி இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. அது இருந்த இடத்தில் இப்போது புரொஜெக்டர் வைத்திருக்கிறார்களாம். அதன் பிறகு சபையிலிருந்து ஒருவர்கூட என் வாசலுக்கு வந்து கூப்பிடவில்லை. நான் மறக்கிற ஆள் அல்ல.

டிரேவருக்காக ஜெபிக்கிறேன். விவரமாக எழுது.

உன் அண்ணன்,
எலியேசர்


லிங்கராஜபுரம்
4 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி மௌரீனின் ஸ்தோத்திரம். ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் இருமலுக்கு ஆஞ்சலாவிடம் மிளகு கஷாயம் வைக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம்.

டிசம்பரில் இவருக்குக் கால் வீங்கியது. கடையில் ஸ்கூட்டர்களோடு நின்று நின்று வீங்கியது என்று நினைத்தோம். பார்த்தால் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டோம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள். அளந்து அளந்து குடிக்கிறார்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. நம் சபையில் அப்பம் பிட்டு, திராட்சரசப் பாத்திரம் பகிர்கிற பந்தி நாள். காலையில் அரை டம்ளர் காப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். "ஏன், நல்லா இல்லையா?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு ஒருவேளை குடுத்துட்டா பாத்திரத்துல ஒரு மிடறு குடிக்கணும்ல? அதுக்கு இடம் வேணும்" என்றார்.

யாரும் கொடுக்கவில்லை, அண்ணா. பந்தியில் சேராதவர்கள் உட்காருகிற கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பத் தட்டு அவர் வரைக்கும் வந்தது. இரண்டு கையாலும் வாங்கினார். பிட்காமல் முன்னுக்குத் திருப்பி அனுப்பினார். பதினொரு வருஷமாக மாதா மாதம் இதுதான்.

ஞானஸ்நானம் வாலிபத்திலேயே எடுத்தவர். பந்தியில் சேர, சபைக்கு முன்னால் எழுந்து இரட்சிக்கப்பட்ட சாட்சி சொல்வது ஒன்றுதான் பாக்கி இருந்தது. 2013-ல் எழுந்து சொன்னார். நீங்கள் மூப்பராக எழுந்து, "பொறுக்கட்டும்" என்றீர்கள். ஒரு மூப்பர் அந்த வார்த்தையைச் சொன்னால் சொன்னவரே எடுக்கும் வரைக்கும் நிற்கும். அதுதான் நம் சபை வழக்கம். ஆண்ட்ரூ, "நாங்க சபையா சேர்ந்து எடுத்துடறோம் அங்கிள்" என்று இவரிடம் வந்து சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினொரு வருஷத்தில் நான் உங்களிடம் ஒரு முறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். இவருக்கு எத்தனை முதல் ஞாயிறு பாக்கி இருக்கிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மௌரீன்


ஆனேக்கல்
13 பிப்ரவரி

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். கஷாயம் குடித்தேன், பிரயோஜனம் இல்லை.

வாசித்தபோது மனம் கலங்கியது. ஆனால் கலங்கிய மனதோடு ஒரு மூப்பன் தீர்மானம் எடுக்கக்கூடாது. நாற்காலி போனாலும் பொறுப்பு போகாது.

இரட்சிப்பு கிருபையால் வருவது. மனிதன் அதில் ஒரு துரும்பும் சேர்க்க முடியாது. உலகம் உண்டாகும் முன்பே தேவன் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார்; நல்லவர்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் வியாக்கியானங்களை அகராதி வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று வாசித்தேன்.

டிரேவர் நல்லவன். குடிக்கமாட்டான், உன்னை அழவைத்ததில்லை. அதற்காகச் சேர்த்தால் அது கிரியை, கிருபை ஆகாது. வியாதிக்காரன் என்று சேர்த்தால் அது பரிதாபம், அதுவும் கிருபை ஆகாது. அப்பம் யாரையும் இரட்சிப்பதும் இல்லை. அவன் தெரிந்துகொள்ளப்பட்டவனானால் அப்பம் இல்லாமலும் போய்ச் சேருவான்.

நான் அன்று கேட்டது ஒரே கேள்வி. "எந்த நாளில்?" பிறந்தவனுக்குப் பிறந்த நாள் உண்டு. மறுபடி பிறந்தவனுக்கும் உண்டு. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

என்னைக் கேள். 1973 ஆகஸ்ட் 22, புதன்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. தெருமுனையில் சுவிசேஷக் கூட்டம், மழை, பெட்ரோமாக்ஸ் விளக்கு. என் வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. உன் அண்ணி குளோரியா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் கேசரி பாத் செய்வாள். இப்போது ஆஞ்சலா செய்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதே. டிரேவர் மருந்தைத் தவறவிடாமல் சாப்பிடட்டும்.

எலியேசர்


லிங்கராஜபுரம்
5 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலம் நாடுகிறேன். ஊசி குத்த வசதியாக இவருக்கு இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக்கூடாது.

உங்கள் கடிதத்தை டயாலிசிஸ் நடக்கும்போது இவருக்கு வாசித்துக் காட்டினேன். தேதி வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "மச்சானுக்குக் கையெழுத்து இன்னும் அழகா இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் மஞ்சுநாத் என்று ஒருவர், ஆட்டோ ஓட்டியவர். "ஏனு லெட்டர், மேடம்?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். "தேதியா? ஆதார்ல என் டேட் ஆஃப் பர்த்தே தப்பு. அதுக்காக நான் பொறக்காம இருக்கேனா?" என்றார். நர்ஸ் வந்து அதட்டும்வரை இவர் சிரித்தார்.

எனக்கு உங்கள் அளவுக்குப் படிப்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உலகம் உண்டாகும் முன்பே அவர் தெரிந்துகொண்டார் என்கிறீர்களே, அது என்ன கிழமை, அண்ணா?

மௌரீன்


ஆனேக்கல்
14 மார்ச்

தங்கை மௌரீனுக்கு,

சுகம். நீ கேட்டது பெரியவர்களிடம் கேட்கிற கேள்வி அல்ல.

தெரிந்துகொண்டது அவர் காரியம், நித்தியத்தில் நடந்தது. அது ஒருவன் வாழ்க்கையில் வெளிப்படுவது ஒரு நாளில் நடப்பது. இரண்டையும் குழப்பாதே. வேத சத்தியத்தை ஆதார் கார்டோடு சேர்க்கவும் வேண்டாம்.

வக்காலத்து வாங்குவதை நிறுத்து. டிரேவருக்குக் கை இருக்கிறது, வலது கையில் ஊசி இல்லை. அவனை எழுதச் சொல். ஒரு நாளைச் சொல்லட்டும். மாதமும் வருஷமும் சொன்னாலும் போதும். அன்றைக்கே ஆண்ட்ரூவுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. அவனுக்குத் தாகம் எடுக்கும், கவனித்துக்கொள்.

எலியேசர்


லிங்கராஜபுரம்
31 மார்ச்

மதிப்புள்ள மச்சானுக்கு,

டிரேவரின் ஸ்தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கடையில் வண்டிக்கு என்ன ரிப்பேர் என்று சீட்டில் எழுதுவதோடு சரி. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் கேட்ட நாளை மறுபடி தேடிப் பார்த்தேன். டயாலிசிஸில் தேடுவதற்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்று வரும். பிளக் துடைப்பேன், கார்புரேட்டர் கழுவுவேன், ஒயரைத் தட்டுவேன். திடீரென்று ஓடும். எதனால் சரியானது என்று ஓனர் கேட்பார். தெரியாது சார், ஓடுது, எடுத்துட்டுப் போங்க என்பேன். நானும் அப்படித்தான். எப்போது என்று தெரியாது. அவர்தான் ஓட்டுகிறார் என்பது மட்டும் தெரியும்.

2013-ல் நான் எழுந்து நிற்கும்போது பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார், "ஏதாவது ஒரு டேட் சொல்லிட்டு உக்காருப்பா, யாரு செக் பண்ணப் போறாங்க." நான் சொல்லவில்லை. அது வீரம் என்று நினைக்காதீர்கள். ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு வருஷா வருஷம் அதையே ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும். அது பெரிய பாரம் மச்சான். ஒரு மனுஷன் தனியாகத் தூக்கக்கூடாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பத்தைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து, அது என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலேயே பிட்டிருந்தால் தெரிந்திருக்குமா என்று சந்தேகம். அந்த வகையில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆண்ட்ரூ தம்பி கூப்பிட்டதற்கு நக்கோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சாத்திய கதவு. சைடு கேட்டில் நுழைய எனக்கு இஷ்டமில்லை.

வெயிலில் வெளியே போகவேண்டாம். நீங்கள் நிறைய தண்ணீர் குடியுங்கள். என் பங்கையும் சேர்த்துக் குடியுங்கள்.

டிரேவர்


லிங்கராஜபுரம்
2 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் கடிதம் எழுதி மூன்று மாதம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆஞ்சலாவிடம் கேட்டால், "அப்பா நல்லாத்தான் இருக்கார் அத்தை. அந்த லெட்டரைத் தலைகாணிக்குக் கீழ வச்சிருக்கார். பேசறதில்ல" என்கிறாள்.

போன வாரம் இவருக்கு நுரையீரலில் நீர் கோத்து ஐசியுவில் நாலு நாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "மச்சான் லெட்டர் வந்துதா?" என்றுதான். வந்தது என்று பொய் சொல்ல நினைத்தேன். இவரிடம் முடியவில்லை.

கதவு விஷயமாக நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், அண்ணா. நான் இனிக் கேட்கமாட்டேன். சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். எனக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மௌரீன்


ஆனேக்கல்
22 ஆகஸ்ட் 2024

என் தங்கை மௌரீனுக்கு,

உடம்பு சுகம். மற்றது எதுவும் சுகமில்லை. உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

இன்று தேதியைப் பார். ஆஞ்சலா காலையிலேயே கேசரி பாத் செய்து வைத்தாள். ஒரு கரண்டி வாயில் போட்டேன், தட்டைத் தள்ளிவைத்தேன். "என்னப்பா, சர்க்கரை ஜாஸ்தியா?" என்றாள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அந்தத் தேதி பொய்.

1973 கடைசியில் மூன்றாவது முறையாகச் சாட்சி சொல்லப் போனேன். அப்போது மூப்பர் அய்யாவு ஐயா. தன் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து முதலில் விசாரிப்பார். "எந்த நாளில், தம்பி?" முதல் இரண்டு முறையும் தெரியாது என்று சொல்லித் திரும்பி வந்திருந்தேன். அது உண்மை. எனக்கு ஒரு நாளும் இல்லை. எப்போது நம்பத் தொடங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் பந்தியில் சேராதவனுக்குக் குளோரியாவைக் கொடுக்கமாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அய்யாவு ஐயா தலைக்கு மேலே சுவரில் வருஷம் முழுவதும் ஒரே தாளில் அச்சடித்த காலண்டர் தொங்கியது. அதில் ஒரு தேதிக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. எதற்கு வட்டம் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து வாசித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்றார்.

மறு வருஷம் அந்தத் தேதிக்கு மழையைச் சேர்த்தேன். அதற்கடுத்த வருஷம் பெட்ரோமாக்ஸ் விளக்கு. பத்து வருஷத்தில் எனக்கே அந்த மழையில் நனைந்த ஞாபகம் வந்துவிட்டது.

மூப்பனான பிறகு நான் பதினான்கு பேரைத் தடுத்திருக்கிறேன். பதிமூன்று பேர் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஒரு தேதியோடு வந்தார்கள். அந்தத் தேதிகள் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தே சேர்த்துக்கொண்டேன். டிரேவர் ஒருவன்தான் தேதி இல்லாமலே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முதல் ஞாயிறும் கடைசி பெஞ்சில் அவன் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று இப்போது புரிகிறது. நான் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் கடிதத்தில் பாரம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறான். எப்படி எழுதினான் என்று தெரியவில்லை. நாலு மாதமாக அதை வாசிக்கிறேன்.

குளோரியாவுக்கு இது தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். இப்போது உனக்குத் தெரியும்.

எலியேசர்


லிங்கராஜபுரம்
30 ஆகஸ்ட்

அண்ணா,

உங்களுக்கு ஸ்தோத்திரம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இவர் சுகமாக இருக்கிறார். நேற்று வெள்ளரிக்காய் கேட்டார், ஒரு துண்டு கொடுத்தேன்.

எனக்குத் தெரியும், அண்ணா. இப்போது இல்லை, 2013-லிருந்தே.

நீங்கள் இவரைத் தடுத்த அன்று சாயங்காலம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். "உன் வீட்டுக்காரருக்கு இல்லாத தேதியைச் சொல்ல வாய் வரல மௌரீன். உங்கண்ணனுக்கு வந்துச்சு" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னார்கள். 1973 ஆகஸ்ட் 22 அண்ணியின் அக்கா கல்யாணம். அய்யாவு ஐயாதான் நடத்திவைத்தார். காலண்டரில் வட்டம் போட்டது அதற்குத்தான். கல்யாணத் தேதி எதுவும் உங்களுக்கு ஞாபகம் நிற்காதே. சபைக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் பெஞ்சு தூக்க வாலிபர்கள் போவீர்களே, அன்றைக்கும் போயிருக்கிறீர்கள். சாயங்காலம் ஆறரைக்கு நீங்கள் எந்தத் தெருமுனையிலும் இல்லை. அவர்கள் வீட்டுப் பந்தலில் வேர்த்துப்போய் நின்றீர்கள். மழையும் இல்லையாம், வெயில் கொளுத்திய நாளாம். அண்ணிதான் உங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுதான் உங்களை முதல் முதலாகப் பார்த்தது.

"அப்புறம் எதுக்கு அண்ணி வருஷா வருஷம் கேசரி செய்யறீங்க?" என்று கேட்டேன். "அவருக்கு அது பொய்த் தேதி. எனக்கு நிஜத் தேதிதானே" என்றார்கள்.

அய்யாவு ஐயாவுக்கும் அன்றைக்கே தெரியும். பெஞ்சு தூக்கிய பையனை அவர் பார்த்தவர்தானே. அவர் அண்ணியின் அப்பாவிடம், "பையன் சுவரைப் பார்த்து வாசிச்சான். பயந்துட்டான். ஆனா உள்ளே விசுவாசம் இருக்கு, சேர்த்துக்கலாம்" என்றாராம்.

இவரும் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி போன பிறகு நான் கொதித்தேன். நாளைக்கே சபையில் எழுந்து சொல்கிறேன் என்றேன். இவர், "சொன்னா மச்சான் பயந்து திறப்பார். எனக்கு அப்படி வேணாம். அவரே வரட்டும்" என்றார். பதினொரு வருஷம் நாங்கள் வீட்டுக்குள்ளேகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

உங்களைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. நீங்கள் தனியாகத் தூக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மௌரீன்


ஆனேக்கல்
20 செப்டம்பர்

மௌரீனுக்கு,

சுகம்.

என் மனைவிக்குத் தெரியும். என் மூப்பருக்குத் தெரியும். என் தங்கைக்குத் தெரியும். நான் வெளியே நிறுத்தியவனுக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

தகுதி இல்லாதவனைத் தெரிந்தே சேர்த்துக்கொள்வதுதான் கிருபை என்று நாற்பது வருஷம் பிரசங்கித்தேன். அது என்னைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு வருகிறேன். ஆஞ்சலா லீவு போட்டுக் கூட்டிவருவாள். அப்பம் பிட்கும் முன் எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று ஆண்ட்ரூவிடம் சொல். புரொஜெக்டரை அணைக்கவும் சொல்.

எலியேசர்


ஆனேக்கல்
8 அக்டோபர் 2024

என் அருமைத் தங்கை மௌரீனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றதைத் தவிர வழியில் தொல்லை இல்லை. ஆஞ்சலா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். நீ கட்டிக்கொடுத்த மீன் குழம்பை இரண்டு வேளை சாப்பிட்டோம்.

நான் எழுந்து பேசியதை நீ கேட்டாய். காது கேட்காதவன் குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. தெருவரைக்கும் கேட்டதாக ஆஞ்சலா சொல்கிறாள். நல்லது. டிரேவர் மேல் வைத்த வார்த்தையை எடுக்கிறேன் என்றேன். அதை வைக்க எனக்கு அருகதை இருந்ததில்லை என்றேன். 1973-ஐயும் சொன்னேன். டிரேவரைத் தவிர, என் பதினான்கு பேரில் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. நீ பெண்கள் பக்கம் முன்வரிசையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்தாய். அந்த முரட்டு டிரேவரும் சொல்லியிருக்கமாட்டான். அதனால் எழுதுகிறேன்.

நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்ட்ரூ ஓடி வந்து, "முன்னாடி வாங்க அங்கிள், ப்ளீஸ்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னை இறக்கியவர் என்பதை ஒரு நிமிஷம் மறந்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தேதி இல்லாதவன் பொறுக்க வேண்டும் என்பது நான் நடத்திய சட்டம். பதினான்கு பேருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஒரு வருஷமாவது பொறுக்கிறேன் என்று தீர்மானித்து வந்திருந்தேன். டிரேவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் இடம் இனி அது அல்ல, ஆனாலும் அவன் முன்னால் போகவில்லை.

தட்டு எல்லா வரிசையும் சுற்றி எங்களிடம் வந்தது. டிரேவர் வாங்கினான். பிட்டான். அவன் பிட்டதை நான் பார்த்தேன், மௌரீன். பட்டாணி அளவுதான் பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயில் வைத்திருந்தான்.

பிறகு தட்டை என் பக்கம் நீட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன். முன்னால் அனுப்பு என்று கண்ணால் காட்டினேன். அவன் அனுப்பவில்லை. எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தட்டு வந்தால்தான் பாத்திரத்தை எடுக்க முடியும்.

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் உதட்டைப் படிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். சத்தம் இல்லாமல் சொன்னான், "எங்கிட்டயும் தேதி இல்ல. உங்ககிட்டயும் இல்ல. தட்டு இருக்கு மச்சான், எடுங்க."

"முடியாது" என்றேன். என் சத்தம் எனக்குத் தெரியாது. முன்வரிசை வரைக்கும் கேட்டிருந்தால் இதுதான் அது.

அவன் தட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். ஆபரேஷன் செய்த கை. அந்தப் பித்தளைத் தட்டு எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். "இந்தக் கையில கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றது அவன் உதடு. "வலிக்குது மச்சான். சீக்கிரம்." தட்டு ஆடத் தொடங்கியது.

என்ன செய்வது? எனக்குத் தகுதி உண்டு என்று நினைத்து எடுக்கவில்லை. மனந்திரும்பிவிட்டேன் என்றும் எடுக்கவில்லை. அவன் கை வலிக்கிறதே என்றுதான் எடுத்தேன்.

எடுத்து வாயில் போட்ட பிறகும் தட்டு ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் கை வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயல் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தான். பந்தியில் சிரிக்கக்கூடாது என்று நாற்பது வருஷம் வாலிபர்களைக் கடிந்தவன் நான், மௌரீன். முன்னால் இருந்த பெஞ்சில் நெற்றியை முட்டுக்கொடுத்து, யாரும் பார்க்காதபடி, அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு இப்போது சொல்லிக்கொள்ள நன்றி ஒன்றுதான் இருக்கிறது. அதை யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். பாதிப் பேர் உயிரோடு இல்லை. உயிரோடு இருக்கிறவர்களில் நீ முதல்.

நவம்பர் முதல் ஞாயிறும் வருகிறேன். புரொஜெக்டர் தப்பு என்பதில் எனக்கு மாற்றம் இல்லை, ஆண்ட்ரூவிடம் சொல்லிவிடு. டிரேவர் பாத்திரத்தில் இரண்டு மிடறு குடித்தான், ஒன்று என்று உன்னிடம் சொல்லியிருப்பான். நம்பாதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அண்ணன்,
எலியேசர்